கொழுக்குமலையில் இரண்டு இரவு: முதுகுப்பையை அடுக்குவது எப்படி?

முதன்முறையாக டென்டில் தங்கக் கிளம்புகிறவர்கள் எதையெல்லாம் எடுத்துப் போகலாம் என்றுதான் கேட்பார்கள். எதை எங்கே வைப்பது என்று கேட்பவர்கள் குறைவு. ஆனால் விஷயமே அங்கேதான் இருக்கிறது. அதே பத்து கிலோ, ஒழுங்காக அடுக்கினால் இடுப்பில் உட்காரும். கிடைத்த இடத்தில் திணித்தால் தோளைப் பிடித்துப் பின்னால் இழுக்கும்.

ஒரு பயணத்தை வைத்துக்கொண்டே பார்த்துவிடலாம். டிசம்பர் மாதம், போடியிலிருந்து போடிமெட்டு, சூரியநெல்லி வழியாகப் போய், அங்கே ஜீப் பிடித்துக் கொழுக்குமலை. இரண்டு இரவு.

எந்தப் பை, எவ்வளவு எடை

40 முதல் 50 லிட்டர் பை தாராளம். லேப்டாப் பை, காலேஜ் பை எல்லாம் வேண்டாம். பட்டையான, மெத்தென்ற இடுப்பு பெல்ட் அவசியம் இருக்க வேண்டும். விலையைவிட அந்த பெல்ட்டைத்தான் முதலில் பார்ப்பேன்.

நிரம்பிய பை உங்கள் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 60 கிலோ ஆளுக்கு 12 கிலோ. புதியவர் என்றால் 10 கிலோவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வெறும் பையே ஒன்றரை கிலோ, 2 லிட்டர் தண்ணீர் 2 கிலோ. மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆறரை கிலோதான் மிச்சம்.

படி 1: தரையில் பரப்புங்கள்

பாய் ஒன்றை விரித்து எல்லாவற்றையும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வையுங்கள். 1,000 மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குறையும். கொழுக்குமலையோ 2,000 மீட்டருக்கு மேல். அடிவாரத்தில் வியர்த்துக் கொட்டினாலும் மேலே விடிகாலையில் பல் கிட்டும். அதனால் ஸ்வெட்டர், குல்லா, கூடுதல் சாக்ஸ் கட்டாயம். ஜீன்ஸ் வேண்டாம், கனம், நனைந்தால் லேசில் காயாது. நடக்க ஒரு ஜோடி, தூங்க ஒரு ஜோடி துணி போதும். டர்க்கி டவலுக்குப் பதில் ஈரிழைத் துண்டு.

அப்புறம், டென்டும் ஸ்லீப்பிங் பேக்கும் அங்கேயே தருவார்களா என்று முகாம் நடத்துபவரிடம் கேட்டுவிடுங்கள். தந்தால் சில கிலோ அப்படியே குறையும்.

படி 2: உள்ளே ஓர் உறை

மேலே மாட்டும் ரெயின் கவர் முதுகுப் பக்கத்தை மூடாது. மழை அந்த வழியாக இறங்கிவிடும். பையின் உள்ளே கனமான பாலிதீன் உறை ஒன்றைப் போட்டு, அதற்குள் அடுக்கி, வாயை முறுக்கி மடித்துவிடுங்கள். ரெயின் கவருக்குக் கொடுக்கும் காசில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

படி 3: அடுக்குதல்

அடியில் ஸ்லீப்பிங் பேக், இரவு உடுப்பு. முகாமுக்குப் போய்ச் சேரும்வரை தொடப் போவதில்லை. ஸ்லீப்பிங் பேக்கைச் சுருட்ட வேண்டாம். கைப்பிடி கைப்பிடியாக மூலைகளுக்குள் அமுக்குங்கள், இடைவெளி இல்லாமல் நிரம்பும்.

அதற்கு மேல், முதுகை ஒட்டி, கனமானவை: சாப்பாட்டுப் பொட்டலம், டென்ட், பாத்திரம். இவை தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே வர வேண்டும். கனம் முதுகை விட்டு வெளியே தள்ளிப் போகப் போக பை உங்களைப் பின்னால் சாய்க்கும். அதைச் சமாளிக்க நீங்கள் கூன் போட்டு நடப்பீர்கள். கனத்தை அடியில் வைத்தாலோ இடுப்புக்குக் கீழே தொங்கும். ஸ்வெட்டர், துணிகளை அந்தக் கனத்துக்கு வெளிப்புறமாகச் சுற்றித் திணித்தால் அது அசையாது. பாத்திரத்தைக் காலியாக வைக்காதீர்கள், சாக்ஸை அதற்குள் அடையுங்கள். டென்ட் கம்பிகளை மட்டும் தனியே பிரித்துப் பக்கவாட்டில் நெடுக்காகச் செருகலாம்.

கேஸ் அடுப்பு கொண்டு போனால் டப்பா நிமிர்ந்தே இருக்கட்டும், சாப்பாட்டோடு சேர வேண்டாம்.

உச்சியில் ரெயின் கோட், முதலுதவிப் பொட்டலம், ஹெட் டார்ச். மழை வந்த பிறகு மொத்தப் பையையும் பிரித்து ரெயின் கோட் தேடும் ஆட்களை எல்லா மலையிலும் பார்க்கலாம். கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், அடையாள அட்டை எல்லாம் இடுப்பு பெல்ட் ஜிப்புக்குள். தண்ணீர் பக்கத்துக்கு ஒரு லிட்டர்.

வெளியே டம்ளர், செருப்பு என்று தொங்கவிடாதீர்கள். ஜீப் குலுக்கும் குலுக்கலில் பாதி வழியிலேயே கழன்றுவிடும்.

படி 4: மாட்டுதல்

எல்லாப் பட்டைகளையும் தளர்த்துங்கள். பையை மேலே உள்ள சின்னக் காதைப் பிடித்துத் தூக்கி, தொடையில் நிறுத்தி, ஒரு கையை நுழைத்துத் திரும்புங்கள். முதலில் இடுப்பு பெல்ட். தொப்புளைச் சுற்றி அல்ல, இடுப்பெலும்பின் மேல் விளிம்பைக் கவ்வுகிற மாதிரி. இறுக்குங்கள். பிறகு தோளில் மாட்டும் பட்டைகள், அவற்றைப் பையை முதுகோடு சேர்க்கும் அளவுக்கு இறுக்கினால் போதும். தோளுக்கு மேலே குட்டிப் பட்டைகள் இருந்தால் லேசாக இழுங்கள். கடைசியில் மார்புக் கொக்கி, மூச்சு முட்டாமல்.

சரியா என்று பார்க்க, தோளில் மாட்டிய பட்டைக்கு அடியில் விரலை விடுங்கள். சுலபமாக நுழைந்தால் எடை இடுப்புக்கு இறங்கிவிட்டது.

படி 5: மாடிப்படியில் ஒரு சோதனை

முந்தின நாள் சாயங்காலமே பையை மாட்டிக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்குங்கள், கால் மணி நேரம் போதும். பின்னால் இழுத்தால் கனம் வெளிப்புறம் போய்விட்டது. ஒரு பக்கம் சாய்ந்தால் தண்ணீர் பாட்டில்களைப் பாருங்கள். தோள் மட்டும் வலித்தால் அடுக்கியதில் குறை இருக்காது. இடுப்பு பெல்ட்டை அவிழ்த்து ஒரு அங்குலம் மேலே ஏற்றி மறுபடி மாட்டிப் பாருங்கள்.