மீடியா சென்டர் மென்பொருள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிவிக்குக் கீழே ஒரு சின்னக் கணினியை வைத்து, சேர்த்து வைத்த படங்களையெல்லாம் சோபாவில் உட்கார்ந்தபடி பார்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, "கோடியா, பிளெக்ஸா, ஜெல்லிஃபினா?" என்றுதான். நான் புதிதாக இருந்தபோது இடறிய அதே இடங்களில்தான் இவர்களும் இடறுகிறார்கள். கேபிளை மாற்றிச் செருகுவது போன்றவை தானாகச் சரியாகிவிடும். பணத்தைத் தின்பவற்றைச் சொல்கிறேன்.

பிளேயரையும் சர்வரையும் ஒன்றாக நினைப்பது

கோடி ஒரு பிளேயர். டிவியோடு எச்டிஎம்ஐ கேபிளில் இணைந்த கணினியில் ஓடி, கோப்பைத் திறந்து அங்கேயே காட்டும். பிளெக்ஸும் ஜெல்லிஃபினும் அடிப்படையில் சர்வர்கள். டிவியிலோ போனிலோ இருக்கும் ஆப் கேட்க, சர்வர் படத்தை அனுப்பும். ஆப்புக்குப் புரிகிற கோப்பாக இருந்தால் அப்படியே போய்விடும். புரியாவிட்டால், படம் ஓட ஓட வேறு வடிவத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும். இதுதான் டிரான்ஸ்கோடிங். கணினிக்கு மூச்சு வாங்குவது இங்கேதான்.

நண்பர் ஒருவர் வீட்டில் இருப்பது ஒரே டிவி. அதற்கும் சர்வர்தான் போட்டிருந்தார். ப்ளூ-ரே வட்டிலிருந்து எடுத்த 4கே படம், சப்டைட்டில் போட்டால் திணறும். எடுத்துவிட்டால் வழுக்கிக்கொண்டு ஓடும். கணினிக்குச் சக்தி போதவில்லை என்று யாரோ சொல்ல, விலை உயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டு வாங்கிவிட்டார். திணறல் குறையவில்லை, சர்வர் அமைப்பில் அந்தக் கார்டைப் பயன்படுத்தும்படி யாரும் சொல்லவே இல்லை. இதை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது. ப்ளூ-ரே சப்டைட்டில் பிஜிஎஸ் வகை. அதில் வரிகள் எழுத்தாக இல்லை, பட வடிவில் இருக்கும். பல டிவி ஆப்களால் அதைக் காட்ட முடியாது. அதனால் சர்வர் அதை ஒவ்வொரு பிரேமிலும் ஒட்டி, முழு வீடியோவையும் புதிதாக உருவாக்குகிறது. அதே சப்டைட்டிலை எழுத்தாக வைத்திருக்கும் எஸ்ஆர்டி கோப்பு ஒன்றைப் பக்கத்தில் வைத்திருந்தாலே போதும். இல்லையென்றால் அந்தக் கணினியிலேயே கோடியைப் போட்டிருக்கலாம். அது பிஜிஎஸ்ஸை நேராகக் காட்டும். இரண்டுக்கும் செலவு இல்லை.

எதையும் வாங்குவதற்கு முன் படத்தை ஓடவிட்டு, சர்வரின் டாஷ்போர்டைத் திறந்து பாருங்கள். நேராகப் போகிறதா, டிரான்ஸ்கோட் ஆகிறதா என்று அதிலேயே தெரியும். ஒலி மட்டும் மாறுகிறது என்றால் கவலை வேண்டாம், அது சின்ன வேலை. வீடியோ மாறினால்தான் காரணம் தேட வேண்டும்.

இரண்டு மூன்று டிவி, ஆளுக்கொரு கணக்கு, ஹாலில் நிறுத்திய படத்தை அறையில் தொடர்வது இதெல்லாம் வேண்டுமென்றால் சர்வர்தான் சரி. வன்பொருள் டிரான்ஸ்கோடிங்குக்கு, அதாவது அந்த வேலையைக் கிராஃபிக்ஸ் சிப்பிடம் ஒப்படைப்பதற்கு, பிளெக்ஸில் கட்டணம் உண்டு, ஜெல்லிஃபினில் இல்லை.

ஸ்கின் அழகில் மயங்குவது

ஸ்கின் என்பது மெனுக்களின் தோற்றம். எதுவானாலும் ஒரு வாரத்தில் பழகிவிடும்.

படம் நிறைந்த பெட்டியை வாங்குவது

கோடியோடு எந்தப் படமும் வராது. கோடி போட்ட டிவி பெட்டியை "எல்லாம் உள்ளேயே இருக்கு" என்று விற்றால் அது திருட்டுச் சரக்கு.

24 பிரேமை மறப்பது

திரைப்படம் பெரும்பாலும் நொடிக்கு 24 பிரேம். கணினி பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 60 முறை, அனுப்பும். 24 அதில் சமமாகப் பொருந்தாது. கேமரா மெதுவாக நகரும் காட்சிகள் தடுக்கித் தடுக்கி ஓடும். கோடியின் பிளேயர் அமைப்பில், வீடியோவுக்கு ஏற்ப டிவியின் ரெஃப்ரெஷ் ரேட்டை மாற்றும் வசதி உண்டு. அதை நாமாகத்தான் இயக்க வேண்டும்.

கோப்புப் பெயரை அப்படியே விடுவது

பெயர், அடைப்புக்குறிக்குள் ஆண்டு என்று வையுங்கள். 'பில்லா' 1980-லும் உண்டு, 2007-லும் உண்டு. ஆண்டு இல்லாவிட்டால் ரஜினி படத்துக்கு அஜித் போஸ்டர் வந்து உட்காரும். அப்புறம், ஜெல்லிஃபினில் படத்தின் விவரங்களை என்எஃப்ஓ என்ற சின்னக் கோப்பாகச் சேமிக்கும் வசதியை இயக்கிவிடுங்கள். நீங்கள் திருத்திய விவரங்கள் படத்தின் பக்கத்திலேயே இருக்கும், நாளைக்குக் கோடிக்கு மாறினாலும் அது படித்துக்கொள்ளும்.