வாட்ஸ்அப் சண்டையை மொட்டைமாடிக்குக் கொண்டுபோவது எப்படி?

கூட்டுக் குடும்பத்தில் வாழும் புதுமணத் தம்பதிகளுக்காக இதை எழுதுகிறேன். கூடத்தில் மாமனார், அடுப்படியில் மாமியார். குரல் உயர்ந்தால் வீடே கேட்கும். அதனால் ஒரே அறையில் உட்கார்ந்துகொண்டே செல்போனில் சண்டை நடக்கிறது. நாங்களும் அப்படித்தான் இருந்தோம். பொங்கலுக்கு எந்த ஊருக்குப் போவது என்ற பேச்சில் என் கணவர் "சரி" என்று மட்டும் அனுப்பினார். சம்மதம் என்ற பொருளில்தான் அனுப்பியிருக்கிறார். நான் அதை "எப்படியோ போ" என்று படித்தேன். மூன்று நாள் பேச்சில்லை.

படி 1: எழுத்துக்கு உரியதைப் பிரித்துவிடுங்கள்

பால் வாங்குவது, வீடு திரும்பும் நேரம் எல்லாம் எழுத்தில் போகட்டும். பணம், பெற்றோர், சந்தேகம் மூன்றும் நேரில்தான். "சரி" என்ற சொல்லை நாம் இழுத்தும், வெட்டியும், பெருமூச்சோடும் சொல்கிறோம். திரையில் அந்தக் குரல் இல்லை. 2005இல் ஜஸ்டின் க்ரூகர், நிக்கோலஸ் எப்லி உள்ளிட்ட அமெரிக்க உளவியலாளர்கள் மின்னஞ்சலை வைத்து இதைச் சோதித்தார்கள். எழுதியது கிண்டலா, உண்மையா என்பதைப் படிப்பவர் சுமார் 78 சதவீதம் சரியாகக் கண்டுகொள்வார் என்று அனுப்பியவர்கள் நம்பினார்கள். கண்டுகொண்டது 56 சதவீதம்தான். காசைச் சுண்டிப் பார்த்தாலே 50 கிடைக்கும்.

படி 2: நிறுத்தும் செய்தியை அனுப்புங்கள்

இதுதான் எல்லாவற்றிலும் கடினம். பதிலடி விரல் நுனியில் நிற்கும்போது இப்படி எழுதுங்கள்: "இது எனக்கும் முக்கியம். எழுதினால் தவறாகப் போய்விடும். இரவு ஒன்பதரைக்கு மாடியில் பேசலாம்."

நேரத்தையும் இடத்தையும் விட்டுவிடாதீர்கள். வெறும் "அப்புறம் பேசலாம்" என்பதைப் படிப்பவர், கதவு சாத்தப்பட்டதாகவே எடுத்துக்கொள்வார். தம்பதிகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஜான் காட்மன், சண்டையில் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டினால் எதிரில் இருப்பவர் சொல்வது காதில் ஏறாது என்கிறார். குறைந்தது 20 நிமிடம் இடைவெளி விடச் சொல்கிறார். அந்த நேரத்தில் பழைய செய்திகளைப் புரட்டாதீர்கள். பாத்திரம் கழுவுங்கள், துணி மடியுங்கள்.

கொட்டித் தீர்க்க வேண்டும் என்றால் காகிதத்தில் எழுதுங்கள். அனுப்பிவிட்டு அழித்தாலும், அழித்த தடம் திரையில் நிற்கும். "என்ன எழுதி அழித்தாய்?" என்று அடுத்த சண்டை தொடங்கும்.

படி 3: மாடிக்குப் போங்கள், செல்போன் கீழேயே இருக்கட்டும்

மாடி இல்லையா? கோயில் குளத்துப் படிக்கட்டு போதும், தெருமுனை வரை நடந்தாலும் போதும். பைக்கில் போகும்போது மட்டும் வேண்டாம். காற்றில் பாதிச் சொல் போய்விடும், கவனமும் சிதறும். எதிரெதிரே முறைத்துக்கொண்டு உட்காருவதைவிட பக்கத்தில் உட்காருவது எனக்கு எளிதாக இருந்தது. குற்றம் சாட்டாமல், நீங்கள் புரிந்துகொண்டதிலிருந்து தொடங்குங்கள்: "நீங்கள் 'சரி' என்று அனுப்பியபோது உங்களுக்கு விருப்பமில்லை என்று நினைத்துவிட்டேன்." பிறகு அவர் பேசி முடிக்கும்வரை குறுக்கிடாதீர்கள்.

ஒருவர் சிங்கப்பூரில், மற்றவர் தஞ்சாவூரில் என்றால் மாடிக்குப் பதில் அழைப்பு. சிங்கப்பூரில் மணி இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே இருப்பவர் தூக்கக் கலக்கத்தில் இருக்கும்போது தொடங்க வேண்டாம்.

தனியாகப் பேசவே பயமாக இருந்தால், கை ஓங்கும் பழக்கம் இருந்தால், இந்த வழி உங்களுக்கானதல்ல. நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள், 181 என்ற மகளிர் உதவி எண்ணை அழையுங்கள்.

படி 4: முடிவை மட்டும் எழுத்தில் வையுங்கள்

கீழே இறங்கிய பிறகு, பேசி முடித்ததை ஒரே வரியில் அனுப்புங்கள். மறதியால் வரும் அடுத்த சண்டை இதனால் குறையும். நாங்கள் மாடியில் பேசிய இரவு எனக்கு வந்த செய்தி இன்னும் என்னிடம் இருக்கிறது: "பொங்கலன்று இங்கே, மாட்டுப் பொங்கலுக்கு உங்கள் ஊர். பஸ் டிக்கெட் நான் எடுத்துவிடுகிறேன்."