அழகர்மலைக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

மதுரையிலிருந்து 21 கிலோமீட்டர்தான். பக்கத்தில் இருப்பதாலேயே அழகர்கோவிலுக்குக் கிளம்புகிறவர்கள் அவசரம் காட்டுவதில்லை. குளித்து, சாப்பிட்டு, பிள்ளைகளைக் கிளப்பி வண்டி ஏறும்போது மணி பத்தாகிவிடும். முதல் தவறே அதுதான். கள்ளழகர் சன்னதியில் மதியம் நடை சாத்திவிட்டுச் சாயங்காலம்தான் திறப்பார்கள். நேரே மலைக்கு ஏறிவிட்டு, "பெருமாளை இறங்கும்போது பார்த்துக்கலாம்" என்பவர்கள் பூட்டிய கதவுக்கு முன்னால் வெயிலில் உட்கார வேண்டியதுதான். காலை ஏழு மணி வாக்கில் கீழே இருங்கள். பெருமாள், பதினெட்டாம்படிக் கருப்பசாமி, அப்புறம் மலைமேல் பழமுதிர்சோலை முருகன், கடைசியில் நூபுர கங்கை ஊற்று. இந்த வரிசையில் போனால் வெயிலுக்கும் தப்பலாம், இருட்டுவதற்குள் காட்டை விட்டு இறங்கியும் விடலாம்.

சித்திரைத் திருவிழா நாட்களில் வெளியூர்க்காரர்கள் இன்னொரு தவறு செய்கிறார்கள். வைகையில் இறங்க அழகர் மதுரைக்குப் புறப்பட்டுப் போயிருக்கும்போது இங்கே வந்து உற்சவரைத் தேடுவார்கள். மூலவர் பரமசுவாமியைத் தரிசிக்கலாம், சரி. அழகரைப் பார்க்க வேண்டுமென்றால் அந்த நாட்களில் மதுரையில்தான் நிற்க வேண்டும்.

பதினெட்டாம்படிக் கருப்பசாமியைக் கவனிக்காமலே கடந்து போகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. சிலையைத் தேடாதீர்கள். சந்தனம் அப்பிய அந்தப் பெரிய கதவுகள்தான் சாமி. அழகர் மதுரைக்குக் கிளம்பும்போது அவருடைய நகைப் பட்டியலை இவர் முன்னால்தான் வாசிப்பார்கள். தீராத வழக்கை இந்தப் படியில் சத்தியம் வாங்கித் தீர்த்துக்கொண்ட ஊர்கள் சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ. செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் நின்று கும்பிட்டுவிட்டுப் போங்கள்.

மேலே போனால் குரங்குகள். கையில் தொங்கும் கேரி பேக்தான் அவற்றுக்கு அடையாளம். அது சலசலத்தால் போதும், மரத்திலிருந்து இறங்கிவிடும். ஒருமுறை என் அத்தை அர்ச்சனைத் தட்டை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். குரங்கு அவரைத் தொடவே இல்லை. சேலை முந்தானையைப் பிடித்து ஒரே இழுப்பு, அவர் திரும்புவதற்குள் வாழைப்பழம் போய்விட்டது. தேங்காய், பழத்தை மூடிய துணிப்பைக்குள் வையுங்கள். பறித்துவிட்டால் விட்டுவிடுங்கள், திரும்பப் பிடுங்கப் போனால் கடி நிச்சயம். கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட வேண்டும்.

இதைவிடப் பெரிய தவறு, புண்ணியம் என்று நினைத்து கார் ஜன்னல் வழியாக பிஸ்கட் போடுவது. அந்த ருசி கண்ட குரங்கு காட்டில் பழம் தேடுவதில்லை, வளைவில் வண்டிக்காகக் காத்திருக்கிறது. அடுத்து வரும் வண்டிச் சக்கரத்தில் குட்டியோடு மாட்டிக்கொள்கிறது. பசியாற்றுவதாக நினைத்து நாம் அதைச் சாலைக்கு இழுத்துவிடுகிறோம். தயவுசெய்து போடாதீர்கள்.

நூபுர கங்கையில் குளிக்க மாற்றுத்துணி மட்டும் போதும். சோப்பு, ஷாம்பு, சீயக்காய் எதுவும் வேண்டாம். நூபுரம் என்றால் சிலம்பு, அதனால்தான் இதற்குச் சிலம்பாறு என்றும் பெயர். அழகரை நீராட்டும் திருமஞ்சனத்துக்கு இந்த ஊற்றின் தண்ணீர்தான் போகிறது. நாம் குளித்த தண்ணீரும் காட்டுக்குள்தான் ஓடுகிறது, கீழே அதைக் குடிக்கிற உயிர்கள் இருக்கின்றன. ஈரத்துணியை அங்கேயே விட்டால் பாவம் கழியும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பிழிந்து பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். தீர்த்தம் பிடிக்க வீட்டிலிருந்தே ஒரு சொம்போ கேனோ எடுத்துப் போனால் அங்கே பிளாஸ்டிக் பாட்டில் வாங்க வேண்டியதில்லை.

பங்குனி, சித்திரையில் சருகெல்லாம் காய்ந்து கிடக்கும். மரத்தடியில் சூடம் ஏற்றுவதும், பீடியை அணைக்காமல் வீசுவதும் மலையையே எரித்துவிடும். விளக்கை சன்னதியில் மட்டும் ஏற்றுங்கள்.

அப்புறம் கள்ளழகர் கோவில் சம்பா தோசை. நெய்யும் மிளகும் மணக்க, கனமாக இருக்கும் அந்தப் பிரசாதத்தை வாங்கிக்கொண்டு மலையேறாதீர்கள். கீழேயே உட்கார்ந்து, சூடு ஆறுவதற்குள் பிட்டுப் பிட்டுச் சாப்பிட்டு முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.