குளிர்கால வெயிலில் நீர்க்கரையோரம் ஒரு வார இறுதி

வெளிநாட்டில் படிக்கும்போது வெயில் தெளிந்த குளிர்கால வார இறுதி அரிதாகவே வாய்க்கும் என்பதால், அவசரமான பாட வேலைகளை வெள்ளி இரவே முடித்துவிட்டு, மடிக்கணினியை அறையிலேயே வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

வடகோளத்தில் குளிர்காலச் சூரியன் தெற்கு வானில் தாழ்வாகவே நகரும். ஆகவே காலை 11 மணி முதல் பிற்பகல் 2 மணி வரையிலான பொழுதில், தெற்கு நோக்கியதும் பின்புறம் காற்றைத் தடுக்கும் சுவர் உள்ளதுமான இருக்கையைத் தேடி அமருங்கள். மற்ற எல்லாவற்றையும்விட இந்த இடத்தேர்வே முக்கியம் என்பேன். நீர்ப்பரப்பின்மீது தடையின்றி வீசும் காற்று, உடலைச் சூழ்ந்திருக்கும் வெதுவெதுப்பான காற்றுப்படலத்தை அடித்துச் சென்றுவிடுவதால், 5 பாகை செல்சியஸ்கூட அதைவிடக் கடுங்குளிராக உறைக்கும். வியர்வை ஈரத்தைத் தேக்கிக்கொள்ளும் பருத்தியை உள்ளே அணியாமல், மெல்லிய கம்பளி ஆடையும் அதன்மேல் காற்றுப்புகா மேலாடையும் அணியுங்கள். தாழ்ந்த வெயில் நீரில் பட்டுக் கண் கூசும். கறுப்புக் கண்ணாடி உதவும்.

கரையோரம் நீர் உறைந்திருந்தால், எவ்வளவு கெட்டியாகத் தெரிந்தாலும் அதன்மீது கால் வைக்காதீர்கள்.

கைப்பேசியின் மின்கலம் குளிரில் விரைவாகத் தீரும் என்பதால் அதை உட்பையில் வைத்திருந்து, வெயில் சாய்வதற்குள் ஒருமுறை வீட்டாரை அழைத்து, எதிரே மின்னும் நீரைக் காட்டுங்கள்.