சினை ஊசி வேலை கற்க விரும்பும் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்தாருக்கு

ஆடு மாட்டோடு வேலை பார்க்க ஆசை என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது கால்நடை மருத்துவப் படிப்பைப் பற்றித்தான். பிளஸ் டூவில் உயிரியல் எடுத்து, அதன் பிறகு ஐந்தரை ஆண்டு படிக்க வேண்டும். இடம் கிடைக்காதவர்கள் ஊரை விட்டு நகராமலே பார்க்கக்கூடிய தொழில் ஒன்று உண்டு. அதுதான் செயற்கைக் கருவூட்டல், காளையின் விந்தைக் கருவியால் பசுவின் கருப்பைக்குள் செலுத்துவது; மாட்டுக் கொட்டகைப் பேச்சில் சினை ஊசி. மத்திய அரசின் ராஷ்ட்ரிய கோகுல் மிஷன் திட்டத்தின் கீழ் ‘மைத்ரி’ என்ற பெயரில் இதற்குப் பயிற்சி தருகிறார்கள். ஒரு மாதம் வகுப்பு, இரண்டு மாதம் களம், ஆக மூன்று மாதம். அறிவிப்பு வருகிறதா என்று கால்நடை பராமரிப்புத் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொண்டே இருங்கள்.

அதற்கு முன் மாட்டோடு பழக்கம் வேண்டும். குன்றக்குடியில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. அங்கே நடக்கும் குறுகிய பயிற்சிகளுக்குப் போய் வாருங்கள். அவை வேலைக்கான சான்று ஆகாது. ஆனால் தீவனம், குடற்புழு நீக்கம், தடுப்பூசிக் காலம் பற்றிய அடிப்படை பிடிபடும். நம் பக்கத்து நாட்டு இனமான புலிக்குளம் மாடுகளைப் பற்றித் தெரிய வேண்டுமானால் மானாமதுரையில் அதற்கென்றே ஆராய்ச்சி நிலையம் உண்டு.

தனியார் இடத்தில் பணம் கட்டிச் சேர்வதாக இருந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். இறைச்சிக்கூடத்துக் கருப்பையை மேஜையில் வைத்துப் பழக்குகிறார்களா? பயிற்சி பெறும் ஒருவருக்கு எத்தனை மாடு கையில் கிடைக்கும்? ஒரே மாட்டின் மலக்குடலுக்குள் ஒரு நாளைக்கு எத்தனை பேர் கையை விட்டுப் பழகுவார்கள்? ஐந்தாறு பேர் அடுத்தடுத்துக் கையை விட்டால் மலக்குடல் வீங்கி இரத்தம் கசியும். கையுறையில் இரத்தம் தெரிந்தால் அந்த மாட்டை அன்றைக்கு விட்டுவிட வேண்டும். இந்தக் கேள்விகளுக்கு மழுப்பலாகப் பதில் வந்தால் அங்கே சேர வேண்டாம்.

கையை விடக் கண்ணுக்குத்தான் முதல் பயிற்சி. மாட்டுக்கு 21 நாளுக்கு ஒருமுறை பருவம் வரும். ஏறக்குறைய 18 மணி நேரம் நீடிக்கும். கத்தும், மற்ற மாட்டின் மேல் தாவும், தன்மேல் மற்றது தாவினால் நகராமல் நிற்கும், அறையில், அதாவது பெண்குறியில், கண்ணாடிபோல் வழும்பு ஒழுகும். நகராமல் நிற்பதே உறுதியான அடையாளம். நம் பக்கத்து வெயிலில் பருவம் ஊமையாக வந்து போய்விடும், எருமையில் இன்னும் அதிகம். அதனால் விடியற்காலையிலும் இரவிலும் கவனிக்க மாட்டுக்காரரிடம் சொல்லுங்கள். காலையில் பருவம் கண்டால் மாலையில் ஊசி, மாலையில் கண்டால் மறுநாள் காலை. பருவம் முடிந்து 10 முதல் 14 மணி நேரம் கழித்துத்தான் கருமுட்டை வெளிவருகிறது, அந்தக் கணக்கில் வைத்த நேரம் இது. ‘டாக்டர் வந்துட்டார், இப்பவே போட்டுருங்க’ என்ற அவசரத்துக்குப் பணிந்துதான் பல ஊசிகள் வீணாகின்றன.

அடுத்தது கண்டெய்னர், அதாவது விந்துக் குச்சிகளை (உறைந்த விந்து அடைத்த மெல்லிய குழல்களை) வைக்கும் கலன். உள்ளே இருக்கும் திரவ நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரி. உலர்ந்த அளவுகோல் குச்சியைப் பத்து விநாடி உள்ளே விட்டு எடுத்து வீசினால் பனி படிந்த உயரம் தெரியும், அதுவே நைட்ரஜன் அளவு. வாரம் ஒருமுறை அளந்து எழுதி வையுங்கள். வழக்கத்தைவிட வேகமாகக் குறைந்தாலோ, கழுத்துக்கு வெளியே வேர்த்துப் பனி பிடித்தாலோ கலனின் சுவருக்குள் இருக்கும் வெற்றிடம் போய்விட்டது என்று பொருள். அன்றே விந்துக் குச்சிகளை வேறு கண்டெய்னருக்கு மாற்ற வேண்டும். மூடியை இறுக்கி அடைக்காதீர்கள், ஆவி வெளியேற வழி வேண்டும். கதவடைத்த காரிலோ சன்னல் இல்லாத அறையிலோ வைக்காதீர்கள். நைட்ரஜன் பிராணவாயுவைத் தள்ளிவிடும், மயக்கம் சொல்லிக்கொண்டு வராது.

விந்துக் குச்சி எடுக்கும்போது, குச்சிகள் நிற்கும் கேனிஸ்டர் என்ற குவளையைக் கண்டெய்னரின் கழுத்துக்கு மேலே தூக்கக் கூடாது. ஐந்து முதல் எட்டு விநாடிக்குள் இடுக்கியால் ஒன்றை எடுத்துவிட்டுக் கேனிஸ்டரை இறக்கிவிட வேண்டும். எந்தக் காளை எங்கே இருக்கிறது என்று முன்பே எழுதி வைத்திருந்தால் உள்ளே தேடும் நேரம் மிச்சம். தேடித் தேடித் தூக்கி இறக்கும்போது எடுத்த குச்சி மட்டுமல்ல, மிச்சமிருப்பதும் சேர்ந்து கெடும். வெளியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. இரண்டு மாதம் கழித்து ஊரே ‘அவர் போட்டால் சினை நிற்காது’ என்று சொல்லும்போதுதான் தெரியும்.

0.25 மில்லி குச்சியை 37 டிகிரித் தண்ணீரில் 30 விநாடி உருக்க வேண்டும். வெப்பமானி கட்டாயம். சித்திரை வெயிலில் வண்டிப் பெட்டியில் கிடந்த தண்ணீர் 40 டிகிரியைத் தாண்டிவிடும், விரல் வைத்துப் பார்த்துச் சொல்ல முடியாது. எடுத்ததும் ஒரு சொட்டு ஈரமில்லாமல் துடையுங்கள், தண்ணீர் பட்டால் விந்தணு சாகும். பஞ்சடைப்பு உள்ள முனையைக் கன்னுக்குள் (விந்து செலுத்தும் நீண்ட குழல் கருவிக்குள்) விட்டு, மறுமுனையைக் கோணலில்லாமல் நேராக வெட்டி, ஷீத் என்ற பிளாஸ்டிக் உறையை மாட்டிப் பூட்டுங்கள். கோணலாக வெட்டினால் விந்து ஷீத்துக்குள்ளேயே கசிந்து நின்றுவிடும். பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் போட்டுவிட வேண்டும், அதுவரை வெயில் படாமல் சட்டைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

மாட்டைக் கட்டியபின் சாணியை வெளியேற்றி, அறையைக் காகிதத்தால் உலரத் துடையுங்கள். உதட்டை விரித்து, கன்னை மேல்நோக்கிச் சாய்த்து நுழையுங்கள். கீழே தட்டையாக விட்டால் மூத்திரத் துவாரத்துக்குள் போய்விடும். மலக்குடலுக்குள் இருக்கும் கை கருப்பைக் கழுத்தைத் தேடும். உரித்த கோழிக் கழுத்துப்போல் கெட்டியாக இருக்கும், உள்ளே மூன்று நான்கு வளையம். கன்னை உள்ளே தள்ளாதீர்கள், கழுத்தைக் கன்னின் மேல் இழுத்து மாட்டுங்கள். புதியவர்கள் இதில்தான் பல வாரம் திணறுவார்கள். கடைசி வளையம் தாண்டி முனை உங்கள் விரலுக்குத் தட்டுப்பட்டதும் நிறுத்தி, ஐந்து விநாடிக்கு மெதுவாக விந்தைத் தள்ளுங்கள். பலரும் கழுத்துக்குள்ளேயே போட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள்.

கன்னைக் கையில் எடுக்கும் முன்பே கருப்பையைத் தடவிப் பார்ப்பது விடக்கூடாத பழக்கம். சினை மாடும் சில சமயம் பருவம்போல் காட்டும். அதில் கன்னைச் செலுத்தினால் கன்று கலைந்துவிடலாம். வழும்பு வெள்ளையாகவோ சீழாகவோ இருந்தால் ஊசி வேண்டாம், மருத்துவரிடம் அனுப்புங்கள். கன்று ஈன்று 60 நாள் ஆகாத மாட்டுக்கும் அவசரம் வேண்டாம்.

எந்தக் காளையின் விந்து என்பதை மாட்டுக்காரரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். சமவெளிக்கு ஜெர்சிக் கலப்பு, குளிர்ந்த மலைப்பகுதிக்குப் பிரீசியன் என்பதே இங்குள்ள வழக்கம். சின்ன உருவ நாட்டுக் கிடேரிக்குப் பெரிய இனத்து விந்தைப் போட்டால் கன்று ஈனும்போது சிக்கிக்கொள்ளும். சிராவயல் மஞ்சுவிரட்டுக்குக் காளை வளர்ப்பவர் வீட்டுப் புலிக்குளம் பசுவுக்குக் கேட்காமல் ஜெர்சி போட்டீர்களானால் அந்த ஊருக்குள் மறுபடி போக முடியாது. புலிக்குளம் மாடு உங்களை அறியாத மாடு என்பதையும் மறக்க வேண்டாம். வளர்த்தவர் தலைப்பக்கம் நிற்காமல் பின்னால் போகாதீர்கள்.

சட்டத்தின் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டம் 1984-இன்படி மருத்துவம் பார்ப்பது பதிவு பெற்ற மருத்துவருக்கு மட்டுமே உரியது. மாநில அரசு அனுமதித்த சிறு பணிகளை அவருடைய மேற்பார்வையில் மட்டுமே நீங்கள் செய்யலாம். மடிநோய்க்கு ஆன்டிபயாடிக் போடச் சொல்லிக் கெஞ்சுவார்கள். மருத்துவருக்குப் போன் போட்டுக் கொடுங்கள்.

வேலையில் இறங்கும் முன் டெட்டனஸ் ஊசியும், வெறிநாய்க்கடி முன்தடுப்பு ஊசியும் போட்டுக்கொள்ளுங்கள். கன்று வீசிய (கருச்சிதைந்த) மாட்டின் நஞ்சுக்கொடியை வெறுங்கையால் தொட்டால் புருசெல்லா என்ற கிருமி மனிதருக்கும் தொற்றும். மாதக்கணக்கில் விட்டுவிட்டுக் காய்ச்சலும் மூட்டு வலியுமாகக் கிடக்க வைக்கும் நோய் அது.

மாட்டின் அடையாளக் காதுத் தோட்டிலுள்ள 12 இலக்க எண், பருவம் கண்ட நேரம், ஊசி நேரம், காளை எண் நான்கையும் அங்கேயே நின்று எழுதுங்கள். 60 முதல் 90 நாளுக்குள் சினைப் பரிசோதனைக்கு நீங்களே திரும்பிப் போங்கள். நின்றதும் நிற்காததும் நோட்டில் சேர்ந்தால், பிழை நேரத்திலா, கண்டெய்னரிலா, கையிலா என்று ஆறு மாதத்தில் பிரித்துச் சொல்லிவிடலாம்.