ஆங்கில வினைச்சொல்லுக்கு அழுத்தம் தருவது எப்படி?

வேலூரில் ஆங்கிலம் தேர்வோடு முடிந்துவிடும் மொழியன்று. அமெரிக்க மருத்துவர் ஐடா ஸ்கடர் 1900-இல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனை இன்று சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) என்ற பெயரில் மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள் எனப் பல திசைகளிலிருந்தும் நோயாளிகளை வரவழைக்கிறது. அவர்களோடு பேசவேண்டிய செவிலியரும் லாட்ஜ்காரரும் மருந்துக்கடைக்காரரும் இந்தியையோ ஆங்கிலத்தையோதான் நாடுகிறார்கள். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிற்சாலைகளிலிருந்து வெளிநாட்டு வணிகர்களுக்கு ஆங்கிலத்தில்தான் மின்னஞ்சல் போகிறது. இவ்வளவு புழக்கம் உள்ள வட்டாரத்திலும் ஒரு பிழை விடாமல் தொடர்கிறது. ‘ஐ வெரி லைக் திஸ் பிளேஸ்’, ‘மை லெக் இஸ் வெரி பெயினிங்’, ‘த பேஷண்ட் ஹேஸ் வெரி இம்ப்ரூவ்ட்’ என்று நன்கு படித்தவர்களும் சொல்கிறார்கள், எழுதுகிறார்கள். இது எளிதில் திருந்தக்கூடிய பிழை என்பதால்தான் இதைப் பற்றி விரிவாக எழுதத் தோன்றியது.

பிழையின் வேர் நம் தமிழில் இருக்கிறது. ‘மிகவும் நல்ல மருத்துவர்’, ‘மிகவும் வேகமாக நடந்தார்’, ‘மிகவும் பிடிக்கும்’, ‘மிகவும் வலிக்கிறது’ என்று பெயரடை, வினையடை, வினைச்சொல் ஆகிய மூன்றோடும் நாம் ஒரே சொல்லைச் சேர்க்கிறோம். பேச்சில் ‘ரொம்ப’ என்பதும் அப்படியே எங்கும் செல்லும். ஆங்கிலத்தின் ‘வெரி’ முதல் இரண்டோடு மட்டுமே சேரும். ‘வெரி குட் டாக்டர்’ சரி, ‘வாக்ட் வெரி ஃபாஸ்ட்’ சரி. ஆனால் ‘லைக்’, ‘ஹர்ட்’, ‘தேங்க்’, ‘ஹெல்ப்’ போன்ற வினைச்சொற்களுக்கு முன்னால் ‘வெரி’ தனித்து நிற்காது.

ஆகவே ‘வெரி’ என்று சொல்ல வாய் எடுக்கும்போது, அடுத்து வரும் சொல் ஒரு தன்மையைச் சொல்கிறதா, ஒரு செயலைச் சொல்கிறதா என்று பாருங்கள். ‘ஹேப்பி’, ‘டயர்ட்’, ‘வொர்ரீட்’, ‘இன்ட்ரஸ்டிங்’ ஆகியவை தன்மைகள். அவற்றுக்கு ‘வெரி’ பொருந்தும். ‘இங்’ என்று முடிகிற சொற்களில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ‘இன்ட்ரஸ்டிங்’ ஒரு தன்மை, ‘ஹர்ட்டிங்’ நடந்துகொண்டிருக்கும் செயல். கால் மிகவும் வலிக்கிறது என்று மருத்துவரிடம் சொல்லவேண்டுமானால் ‘மை லெக் ஹர்ட்ஸ் எ லாட்’ என்பதே இயல்பான வாக்கியம்; ‘பெயினிங்’ என்ற வடிவத்தையே விட்டுவிடுவது நல்லது. நோயாளி நன்றாகத் தேறியிருக்கிறார் என்பதற்கு ‘ஹேஸ் இம்ப்ரூவ்ட் எ லாட்’ என்றோ, எழுத்தில் ‘ஹேஸ் கிரேட்லி இம்ப்ரூவ்ட்’ என்றோ சொல்லலாம்.

அப்படியானால் வினைச்சொல்லுக்கு அழுத்தம் தருவது எது என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது. ஆங்கிலத்தில் ஒவ்வொரு வகை வினையும் தனக்கென்று ஒரு துணையை வைத்திருக்கிறது. இது நமக்குப் புதிதும் அன்று. சுவரொட்டியில் ‘வன்மையாகக் கண்டிக்கிறோம்’ என்று இருக்கும், திருமணப் பதாகையில் ‘மனமார வாழ்த்துகிறோம்’ என்று இருக்கும்; இவற்றை மாற்றிப்போட்டு ‘வன்மையாக வாழ்த்துகிறோம்’ என்று எழுத எவருக்கும் கை வராது. ‘அடியோடு மறந்துவிட்டேன்’, ‘அறவே வெறுக்கிறேன்’, ‘உறுதியாக நம்புகிறேன்’ என்பவையும் அத்தகைய இணைகளே. எந்தச் சொல் எதோடு சேரும் என்று கேட்டறியும் இந்தக் காதை ஆங்கிலத்துக்கும் பழக்கிக்கொண்டால் வேலை பாதி முடிந்தது.

விருப்பம், நன்றி, ஏக்கம் முதலிய உணர்வு வினைகளுக்கு ‘வெரி மச்’, ‘எ லாட்’, ‘ரியலி’ ஆகிய மூன்றும் பெரும்பாலும் போதும். இவற்றில் ‘எ லாட்’ பேச்சுக்கு உரியது; ‘வெரி மச்’ எழுத்துக்கும் பேச்சுக்கும் பொது. ‘மச்’ என்பதை மட்டும் தனியே வைத்து ‘ஐ லைக் இட் மச்’ என்று சொன்னால் ஒலி குறைபடும். எதிர்மறையில் ‘ஐ டோண்ட் லைக் இட் மச்’ என்பது இயல்பாக இருக்கும்.

முடிவெல்லை உடைய வினைகள் வேறு வகை. மறப்பது, நிறுத்துவது, அழிவது, உடன்படுவது ஆகியவற்றில் ‘முழுமையாக’ என்ற பொருள்தான் அழுத்தம் ஆகிறது; அதனால் ‘ஐ கம்ப்ளீட்லி ஃபர்காட்’, ‘ஐ ஃபுல்லி அக்ரி’ என்று வரும். நிலைப்பாட்டைச் சொல்லும் வினைகளுக்கு உறுதி வேண்டும் என்பதால் ‘ஸ்ட்ராங்லி ரெகமெண்ட்’, ‘ஃபர்ம்லி பிலீவ்’, ‘ஃபிளாட்லி ரெஃப்யூஸ்’ என்பவை அமைந்தன. வருத்தம் உள்ளத்தின் ஆழத்தைத் தொடுவதால் ‘டீப்லி ரிக்ரெட்’ என்று எழுதுகிறார்கள். சரக்கு அனுப்பத் தாமதமானதற்கு வெளிநாட்டு வணிகரிடம் வருத்தம் தெரிவிக்கும் கடிதத்தில் இதுவே தகுந்த சொல். ‘ஹைலி’ என்பதை நம் அலுவலகக் கடிதங்களில் எல்லா வினைக்கும் முன்னால் வைத்துவிடுகிறார்கள். அது ‘ரெகமெண்ட்’, ‘வேல்யூ’ போன்ற சில வினைகளோடு மட்டுமே நன்கு சேரும், ‘ஹைலி தேங்க்’ என்பது வழக்கில் இல்லை. ‘சின்சியர்லி தேங்க்’ என்று எழுதுங்கள்.

‘பேட்லி’ என்ற சொல்லைத் தனியாகக் கவனிக்கவேண்டும், ஏனென்றால் அது மருத்துவமனைச் சூழலில் மிகவும் பயன்படும். ‘ஷி பேட்லி நீட்ஸ் பிளட்’ என்றால் அவருக்கு உடனே, கட்டாயமாக இரத்தம் தேவை என்று பொருள். மோசம் என்ற பொருள் அங்கே இல்லை. ‘நீட்’, ‘வாண்ட்’ ஆகிய வினைகளோடு சேரும்போது அது தேவையின் தீவிரத்தைக் காட்டுகிறது, ‘ஹீ சிங்ஸ் பேட்லி’ என்னும்போது மோசமாகப் பாடுகிறார் என்று ஆகிவிடுகிறது.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது ‘ஹார்ட்லி’. ‘கடினமாக’ என்பதற்கு ‘ஹார்ட்’ என்ற சொல்லோடு ‘லி’ சேர்த்தால் போதும் என்று நினைத்து, வேலைக்கு விண்ணப்பிக்கும் இளைஞர்கள் ‘ஐ ஹேவ் ஹார்ட்லி வொர்க்ட் ஃபார் ஃபைவ் இயர்ஸ்’ என்று எழுதுகிறார்கள். ஐந்து ஆண்டுகளாக அநேகமாக வேலையே பார்க்கவில்லை என்பதுதான் அந்த வாக்கியத்தின் பொருள். ‘ஹார்ட்லி’ என்றால் ‘அநேகமாக இல்லை’. அது அழுத்தம் கூட்டும் சொல்லன்று, இருப்பதையும் கரைத்துவிடும் சொல். கடின உழைப்பைச் சொல்ல ‘ஐ ஹேவ் வொர்க்ட் ஹார்ட்’ என்று ‘லி’ இல்லாமல், வினைக்குப் பின்னால் எழுதவேண்டும். உழைத்துச் சம்பாதித்த அனுபவத்தை ஓர் எழுத்து அழித்துவிடுவதைப் பார்க்கும்போது மனம் பொறுப்பதில்லை. விண்ணப்பம் அனுப்புவதற்கு முன் இந்த ஒரு சொல்லையாவது தேடிப் பார்த்துவிடுங்கள்.

இடம் பற்றியும் சொல்லவேண்டும். தமிழில் அழுத்தச் சொல் வினைக்கு முன்னால் நிற்பதால் நாம் ஆங்கிலத்திலும் அதை முன்னால் கொண்டுபோகிறோம். ‘ரியலி’, ‘கம்ப்ளீட்லி’, ‘டீப்லி’, ‘ஸ்ட்ராங்லி’ போன்றவை அவ்வாறு முன்னால் நிற்கலாம். துணைவினை இருந்தால் அதற்கும் முதன்மை வினைக்கும் நடுவில் நிற்கும், ‘ஐ ஹேவ் கம்ப்ளீட்லி ஃபர்காட்டன்’ என்பது போல. ‘எ லாட்’ எப்போதும் பின்னால்தான் வரும். ‘வெரி மச்’ பெரும்பாலும் செயப்படுபொருளுக்கும் பிறகு வரும்: ‘ஐ லைக் ஆம்பூர் பிரியாணி வெரி மச்’. வினையையும் செயப்படுபொருளையும் பிரித்து ‘ஐ லைக் வெரி மச் ஆம்பூர் பிரியாணி’ என்று சொல்லக்கூடாது. மரியாதைக் கடிதங்களில் ‘ஐ வெரி மச் அப்ரிஷியேட் யுவர் ஹெல்ப்’ என்று வினைக்கு முன்னால் வருவதும் உண்டு, ஆனால் அங்கும் ‘மச்’ இல்லாமல் ‘வெரி’ வருவதில்லை.

‘டூ’ என்பதை ‘ரொம்ப’ என்ற பொருளில் ஆள்வதும் நம்மிடையே உண்டு. ‘ஹீ ஈட்ஸ் டூ மச்’ என்றால் அளவுக்கு மீறிச் சாப்பிடுகிறார் என்ற குறை அதில் இருக்கிறது. ஒருவரைப் பாராட்டும்போது அதைத் தவிர்த்துவிடலாம்.

எதிர்மறை வாக்கியத்தில் அழுத்தச் சொல்லின் இடம் பொருளையே மாற்றும். ‘ஐ ரியலி டோண்ட் லைக் இட்’ என்றால் எனக்கு அது சற்றும் பிடிக்கவில்லை. ‘ஐ டோண்ட் ரியலி லைக் இட்’ என்றால் அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்ற மென்மையான மறுப்பு. விலை பற்றிய பேச்சில் ‘ஐ டோண்ட் கம்ப்ளீட்லி அக்ரி’ என்று எழுதினால், எதிரில் இருப்பவர் நீங்கள் பாதி உடன்படுவதாக எடுத்துக்கொண்டு மீதிக்குப் பேரம் பேச வருவார்; அந்த விலைக்கு அறவே உடன்பாடில்லை என்றால் ‘ஐ கம்ப்ளீட்லி டிஸ்அக்ரி’ என்று எழுதவேண்டும்.