பொப்பி மாதத்துக்கு ஓகஸ்டிலேயே ஆயத்தமாகுங்கள்: பிரித்தானியாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஒக்டோபர் கடைசியில் பிரித்தானியாவின் எந்த ஊரிலும் கோட்டுகளில் சிவப்புக் காகிதப் பூ தெரியத் தொடங்கும். அதுதான் பொப்பி. உலகப் போர்களிலும் பிந்திய போர்களிலும் இறந்த படையினரை நினைத்து அணிவது. சேரும் பணம் முன்னாள் படையினருக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் போகிறது. அயலவரோடு பக்கத்தில் நின்று பழக இதைவிட நல்ல வாசல் குறைவு. ஆனால் பூவைக் கண்ட பிறகு விசாரிக்கத் தொடங்கினால் அந்த வருடம் கைதவறிவிடும். ஓகஸ்டிலேயே கேட்டு வையுங்கள்.

முதலில் விசா. இங்கே குடிவரவு விதிகள் தொண்டையும் சம்பளமில்லா வேலையையும் இரண்டாகப் பார்க்கின்றன. விரும்பினால் வரலாம், விட்டால் கேள்வியில்லை, பயணச் செலவும் சாப்பாடும் மட்டும் கிடைக்கும் என்றால் அது தொண்டு. குறித்த நேரத்துக்கு வந்தே ஆகவேண்டும், கைமாறாக ஏதாவது கிடைக்கும் என்றால் அது வேலை. பட்டப்படிப்பு மாணவருக்குத் தவணைக் காலத்தில் உள்ள வாராந்த 20 மணி நேரத்தில் அதையும் எண்ணுவார்கள். தஞ்சம் கோரி முடிவுக்குக் காத்திருப்பவர்கள் தொண்டு நிறுவனங்களிலும் அரச துறையிலும் தொண்டு செய்யலாம். இது தெரியாமல் எத்தனையோ பேர் வருடக்கணக்கில் நான்கு சுவருக்குள் இருந்துவிடுகிறார்கள். ஆனால் கடையில் நிற்கவைத்து, ‘தொண்டு’ என்ற பெயரில் கையில் காசு வைப்பது தொண்டல்ல. அது உங்கள் வழக்கையே கெடுத்துவிடும்.

பொப்பி உண்டியலோடு நிற்கக் குற்றப்பதிவுச் சோதனை தேவைப்படாது. பிள்ளைகளோடோ முதியவர்களோடோ நெருங்கிச் செய்யும் தொண்டுக்குத்தான் டி.பி.எஸ். (DBS) எனப்படும் அந்தச் சோதனைச் சான்றிதழைக் கேட்பார்கள். தொண்டருக்கு அரசாங்கக் கட்டணம் இல்லை. கடந்த ஐந்து வருட விலாசங்கள் எல்லாம் வேண்டும், ஊர் விலாசமும் சேர்த்து. இடையில் ஒரு மாதம் விடுபட்டாலும் படிவம் திரும்பி வரும். நம்மவர்களுக்குப் பெரிய இடைஞ்சல் பெயர். கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் குடும்பப் பெயராக இருக்கும், வங்கிக் கூற்றில் அது மாறிக் கிடக்கும், வேறொரு கடிதத்தில் முதலெழுத்தோடு நின்றிருக்கும். மூன்றும் வேறு ஆட்கள் என்றே பார்ப்பவருக்குத் தோன்றும். வங்கிப் பெயரைக் கடவுச்சீட்டில் உள்ளபடி முதலில் திருத்திவிட்டு, பாவித்த மற்றப் பெயர்களையும் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள்.

பொப்பி சேகரிப்பை 1921 முதல் ரோயல் பிரிட்டிஷ் லீஜன் என்ற படையினர் நலத் தொண்டு நிறுவனம் நடத்துகிறது. (ஸ்கொட்லாந்தில் பொப்பிஸ்கொட்லாந்து. அங்கே பூவுக்கு நான்கு இதழ், இலை கிடையாது. இங்கிலாந்துப் பூவுக்கு இரண்டு இதழ், ஓர் இலை.) உங்கள் பகுதி அமைப்பாளரிடம் பெயர் கொடுத்தால் சுப்பர்மார்க்கெட் வாசலிலோ ரயில் நிலையத்திலோ நேரம் ஒதுக்குவார்கள். நாங்களே உண்டியல் செய்து நிற்போம் என்று ஒருபோதும் கிளம்ப வேண்டாம். தெருவில் பணம் சேர்க்கக் கவுன்சிலின் அனுமதி வேண்டும், லண்டனில் அது பொலிஸின் கையில்.

உண்டியல் முத்திரையிட்டு வரும். முத்திரை கிழிந்தால் எவ்வளவு நேர்மையான ஆளும் பதில் சொல்ல வேண்டிவரும். அதனால் மிச்சக் காசு கொடுப்பதற்கென்றுகூடத் திறக்க முடியாது. குலுக்கி ஒலி எழுப்பாதீர்கள், வழியை மறிக்காதீர்கள். பூவுக்கு விலை இல்லை, “எவ்வளவு?” என்று கேட்டால் “உங்கள் விருப்பம்” என்பதே பதில். பிள்ளைக்கு ஊசி குத்தும் வேலையைத் தாய் தகப்பனிடம் விடுங்கள். வர முடியாவிட்டால் நண்பரை அனுப்பிவைக்காமல் அமைப்பாளரிடம் சொல்லுங்கள். இரண்டு மணி நேரம் அசையாமல் நின்றால் குளிர் காலிலிருந்துதான் ஏறும். கோட்டு எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் கம்பளிக் காலுறை இல்லாமல் போகாதீர்கள். சமாதானத்தை வலியுறுத்தி வெள்ளைப் பொப்பி அணிபவரும் உண்டு, எதுவும் அணியாதவரும் உண்டு. யாரிடமும் காரணம் கேட்க வேண்டாம்.

நவம்பர் இரண்டாம் ஞாயிறு நினைவு ஞாயிறு. ஊர் நினைவுத்தூணடியில் 10.40க்குள் நின்றுவிடுங்கள், வீதிகளை அடைத்துவிடுவார்கள். ஊதுகுழல் ஓசைக்குப் பின் 11 மணிக்கு இரண்டு நிமிட மௌனம். கைப்பேசி அணைந்திருக்க வேண்டும். சிறு பிள்ளை அழுதால் யாரும் கோபிக்க மாட்டார்கள். கோயில் அல்லது சங்கத்தின் பெயரில் மலர்வளையம் வைப்பதானால் செப்டெம்பரிலேயே லீஜன் கிளையிடமோ கவுன்சிலிடமோ சொல்லி வரிசையில் பெயர் வாங்குங்கள். வளையத்தைத் தூணில் சாத்துவதில்லை. அடியில் வைத்து, ஓரடி பின்வாங்கி, தலை தாழ்த்தித் திரும்பினால் போதும். பாட்டன் வாங்கிய பதக்கம் வீட்டில் இருந்தால் வலது மார்பில் அணியலாம். இடது மார்பு பதக்கம் பெற்றவருக்கே உரியது.

நவம்பர் 27, மாவீரர் நாள், நம்மில் பலருக்குச் சொந்தத் துயரின் நாள். அந்த நிகழ்வு வேறு. புலிகள் இயக்கம் 2001 முதல் இங்கே தடைசெய்யப்பட்டது. அதன் கொடியையோ சின்னத்தையோ பொது இடத்தில் காட்டுவது வழக்கில் முடியலாம். ஊர்த் தூணடிக்கு அவற்றைக் கொண்டுவர வேண்டாம்.

கூட்டத்தில் நிற்பதைவிட அமைதியான வேலை விரும்புபவருக்குக் கல்லறைப் பராமரிப்பு இருக்கிறது. பொதுநலவாயப் போர்க் கல்லறைகள் ஆணைக்குழு பயிற்சி கொடுத்துத் தொண்டர்களைச் சேர்க்கிறது. வழமையான நடுகல் 813 மில்லிமீற்றர் உயரம், 381 அகலம். பெரும்பாலும் போர்ட்லண்ட் சுண்ணக்கல், மிருதுவானது. சுத்தமான தண்ணீரும் மென்மையான தூரிகையும் மட்டுமே. கம்பித் தூரிகை போட்டால் எழுத்தின் விளிம்பு உதிரும், பிளீச் ஊற்றினால் கல்லே கெடும். நமது பழக்கத்தில் அன்போடு செய்யும் காரியங்களும் இங்கே கெடுதல்தான்: எண்ணெயும் குங்குமமும் கல்லுக்குள் ஊறிக் கறையாகும், கர்ப்பூரப் புகை படியும். ஒரு பூவை அடியில் வையுங்கள்.

நம்மவர்களுக்கு இதில் என்ன பங்கு என்று பிள்ளைகள் கேட்பார்கள். பிரைட்டனுக்கு வெளியே, பச்சம் அருகே மேட்டில் சத்ரி நினைவிடம் நிற்கிறது. முதல் உலகப் போரில் காயப்பட்டு வந்து இறந்த 53 இந்து, சீக்கிய வீரர்களை எரியூட்டிய இடம், திறந்தது 1921இல். வாகனம் வாசல்வரை போகாது, புல்வெளியில் நடக்க வேண்டும். ஜூனில் ஆண்டு நினைவு நடக்கும். 1942 ஏப்ரல் 9இல் ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தது மட்டக்களப்புக் கடலில். இதை அயலவர் ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள், பேச்சு தானாக வளரும்.

போர்க் கல்லறைகள் ஆணைக்குழுவின் இணையத்தில் இறந்த படையினரைத் தேடும்போது இந்தியப் படை என்று தெரிவுசெய்தால், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியியல் படையில் இருந்தவர்களும் வருவார்கள். பலருக்குத் தகப்பன் பெயரும் ஊரும் பதிந்திருக்கும். எழுத்துக்கூட்டலை எழுதியவர்கள் ஆங்கில எழுதுவினைஞர்கள். அதனால் ‘சாமி’ என்று முடியும் பெயரை ஆங்கிலத்தில் மூன்று நான்கு விதமாகப் போட்டுப் பாருங்கள். ஊர்ப் பெயரையும் பழைய வடிவத்தில், டிரிச்சினோபோலி, டாஞ்சூர் என்று, தேடுங்கள்.